பிங்கர்டன் ஆட்கள் துப்பறிந்தார்களா, துப்பு விற்றார்களா?

விளையாட்டுப்பிள்ளை | ஜனவரி 6, இரவு 9.12

ஒரு கௌபாய் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். அதில் கோட்டும் வட்டத் தொப்பியும் போட்ட ‘பிங்கர்டன்’ ஆட்கள் துரத்திக்கொண்டே வருகிறார்கள். போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை, தனியார் டிடெக்டிவாம். இணையத்தில் தேடினால் “ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவத்தை விடப் பெரிய படை வைத்திருந்தார்கள்” என்று எல்லா இடத்திலும் ஒரே வரி. டிடெக்டிவ் ஏஜென்சிக்கு எதற்குப்பா படை? நமக்குத் தெரிந்த டிடெக்டிவ் ஏஜென்சி, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பதோடு சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீராவி | ஜனவரி 6, இரவு 11.40

அந்த ராணுவ வரிக்குப் பிறகு வருகிறேன். அதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறவர்கள்.

முதலில் ஆளைப் பார்ப்போம். ஆலன் பிங்கர்டன், 1819இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தொழில் பீப்பாய் செய்வது. அங்கே சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் இருந்தார். உழைக்கிறவனுக்கு ஓட்டு வேண்டும் என்று கிளம்பிய கூட்டம் அது. 1842இல் அமெரிக்கா வந்து, சிகாகோ பக்கம் டண்டீ என்ற ஊரில் பட்டறை போட்டார். பீப்பாய்க்கு மரம் வெட்ட ஆற்றுத் தீவு ஒன்றுக்குப் போனபோது, யாரோ அடுப்பு மூட்டிய தடம் கண்ணில் பட்டது. ஆளில்லாத தீவில் அடுப்பு ஏது? இரவில் போய்ப் பதுங்கிப் பார்த்தால் கள்ளப் பணக் கும்பல். ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரிப்பைக் கூட்டிவந்து பிடித்துக்கொடுத்தார். அதோடு பட்டறை ஆட்டம் கண்டது. துணை ஷெரிப், சிகாகோ போலீஸின் முதல் டிடெக்டிவ் என்று போய், 1850 வாக்கில் சொந்த ஏஜென்சி. சின்னம் ஒரு திறந்த கண், கீழே “நாங்கள் உறங்குவதேயில்லை” என்று வாசகம். தனியார் துப்பறிவாளரை ஆங்கிலத்தில் ‘தனியார் கண்’ என்று சொல்வது இந்தக் கண்ணிலிருந்து வந்தது என்பார்கள்.

ஏன் தனியார்? ஷெரிப்பின் அதிகாரம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) எல்லையோடு முடிந்துவிடும். ரயில் பத்து கவுண்டியைத் தாண்டி ஓடும். மாநிலம் தாண்டி ஓடுகிற திருடனைத் துரத்த மத்தியப் போலீஸ் என்று ஒன்று கிடையாது. அந்த இடைவெளியில் உட்கார்ந்ததுதான் இந்தத் தொழில். 1855இல் இல்லினாய் சென்ட்ரல் உள்ளிட்ட ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம். இல்லினாய் சென்ட்ரலுக்கு வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்.

கேமில் வராத ஒன்று. அந்த ரயில் ஒப்பந்தங்களில் முக்கியமான வேலை கொள்ளைக்காரனைப் பிடிப்பது இல்லை. கண்டக்டரைக் கண்காணிப்பது. ஏஜென்சி ஆள் சாதாரணப் பயணி மாதிரி ஏறுவார். கண்டக்டர் எத்தனை பேரிடம் காசு வாங்கினார், எவ்வளவு கணக்கில் காட்டினார் என்று எண்ணிக்கொண்டு இறங்கி, அறிக்கை எழுதுவார். நம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் கண்டக்டருக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இவர் யார் என்று கடைசிவரை தெரியாது. ஆக முதல் நாளிலிருந்தே வியாபாரம், முதலாளிக்காகத் தொழிலாளியை வேவு பார்ப்பதுதான். படையெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.

நீராவி | ஜனவரி 7, காலை 7.55

ஏஜென்சியில் பெண் டிடெக்டிவ் இருந்தாரா என்று ‘மலைக்கோட்டை’ கேட்டதற்கு: ஆமாம், இருந்தார். கேட் வார்ன், 1856இல் வேலை கேட்டு ஆபீஸுக்கு வந்தார். எழுத்தர் வேலைக்கு வந்திருக்கிறார் என்று பிங்கர்டன் நினைத்தாராம். ஆண் நுழைய முடியாத இடத்தில் நான் நுழைவேன், மனைவிமார்கள் என்னிடம் பேசுவார்கள் என்று வாதாடி வேலை வாங்கினார்.

1861 பிப்ரவரியில் லிங்கன் பதவி ஏற்க வாஷிங்டன் போகும்போது, பால்டிமோரில் கொல்லத் திட்டம் இருக்கிறது என்று ஏஜென்சி சொன்னது. ராத்திரி ரயிலில் படுக்கைப் பெட்டியை “என் தம்பிக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லிப் பிடித்துவைத்தது இந்த அம்மாதான். போர்வை போர்த்திய ‘தம்பி’ லிங்கன். உயரத்துக்கு அந்தப் படுக்கை எப்படிப் போதுமாக இருந்தது என்பது என் சொந்தச் சந்தேகம்.

நீராவி | ஜனவரி 7, இரவு 10.20

இன்று பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிங்கர்டன், லிங்கன் தரப்பு (வடக்கு) ஜெனரல் மெக்லெல்லனுக்கு உளவுத் தலைவர். ‘மேஜர் ஆலன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1862இல் தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்கு வெளியே, எதிரித் தளபதி லீயிடம் 1,80,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தார். உண்மையில் அதில் ஏறக்குறைய பாதிதான். மெக்லெல்லன் இன்னும் ஆள் வேண்டும், இன்னும் ஆள் வேண்டும் என்று லிங்கனுக்குத் தந்தி அடித்துக்கொண்டே இருந்தார். படை நகரவில்லை.

அவ்வளவு கெட்டிக்காரர் எப்படி இப்படிக் கோட்டை விட்டார்? என் எண்ணம்: தினமும் அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறவனால் “இன்று ஒன்றும் இல்லை” என்று எழுத முடியாது. இரண்டு நாள் எழுதலாம். மூன்றாம் நாள் “அப்புறம் உனக்கு எதுக்குக் காசு” என்பார்கள். பத்துப் பேரைப் பார்த்தவன் இருபது என்று எழுதுவான். பொய் என்று நினைத்து எழுத மாட்டான், பத்திரத்துக்கு என்று நினைத்து எழுதுவான்.

இதை ஆபீஸில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவரை டீமில் யார் என்ன பேசுகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுத எதுவும் இல்லாத நாளில் அவர் எழுதியதுதான் அதிகம்.

நீராவி | ஜனவரி 8, மதியம் 1.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பிங்கர்டன் எண்ணை ஊதினார், மெக்லெல்லன் ஏமாந்தார் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். பிங்கர்டன் வருவதற்கு முன்பே மெக்லெல்லன் எதிரியைப் பெரிதாகத்தான் கண்டுகொண்டிருந்தார். பிங்கர்டன் கொடுத்தது, ஐயா எதிர்பார்த்த எண். அது இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது.

நீராவி | ஜனவரி 10, இரவு 11.58

மாலி மகுவயர்ஸ் விஷயத்தை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டீர்கள். நான் இரண்டு வருடம் பிட்ஸ்பர்க்கில் ஆன்சைட் இருந்தேன். ஒரு நீண்ட வார இறுதியில் ஐந்து மணி நேரம் காரோட்டிப் போய், அவர்களில் சிலரைத் தூக்கில் போட்ட சிறையைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் நயாகரா போகலாம் என்றார்கள். இன்றுவரை திட்டுகிறார்கள்.

பென்சில்வேனியாவின் கிழக்கே ஆந்த்ரசைட் நிலக்கரிப் பகுதி. சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் ஏராளம். பிராங்க்ளின் கோவன் என்பவர் ரெடிங் ரயில் கம்பெனித் தலைவர். ரயிலோடு சேர்த்துச் சுரங்கங்களையும் வாங்கிக் குவித்தார். அங்கே மேலாளர்களும் போர்மேன்களும் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்வது ‘மாலி மகுவயர்ஸ்’ என்ற ஐரிஷ் ரகசியக் கூட்டம் என்று சொல்லப்பட்டது. 1873இல் கோவன் பிங்கர்டனை வேலைக்கு அமர்த்தினார். பிங்கர்டன் அனுப்பியது ஜேம்ஸ் மக்பார்லண்ட் என்ற ஆளை. அவரும் ஐரிஷ், கத்தோலிக்கர். ‘மெக்கென்னா’ என்ற பெயரில், கள்ளப் பணம் மாற்றுகிறவன், கொலை செய்துவிட்டு ஓடிவந்தவன் என்ற கதையோடு சாராயக் கடை சாராயக் கடையாகப் பாட்டுப் பாடி, ஆட்டம் ஆடி, அடிதடி செய்து உள்ளே நுழைந்தார். இரண்டரை வருடம். தலைமுடி கொட்டிப்போய் விக் வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினார். மொத்தம் 20 பேரைத் தூக்கில் போட்டார்கள். 1877 ஜூன் 21 ஒரே நாளில் 10 பேர்: பாட்ஸ்வில்லில் 6, மாக் சங்கில் 4. துப்பறிந்தது தனியார் ஏஜென்சி. பிடித்தது நிலக்கரிக் கம்பெனியின் சொந்தப் போலீஸ். மாநில அரசு அதற்குச் சட்டமே போட்டுக் கொடுத்திருந்தது. அரசுத் தரப்பில் நின்ற வக்கீல்கள் கம்பெனி வக்கீல்கள், சில வழக்குகளில் கோவனே நேரில் வாதாடினார். அரசாங்கம் தன் பங்குக்குக் கொடுத்தது கோர்ட் கட்டடமும் தூக்குமரமும் மட்டும்தான் என்று அந்தக் கவுண்டி நீதிபதி ஒருவரே பிற்காலத்தில் எழுதினார்.

மாக் சங்க் ஊருக்கு இப்போது ஜிம் தார்ப் என்று பெயர், ஒலிம்பிக் வீரர் பெயர். சிறை மியூசியமாகிவிட்டது. 17ஆம் அறைச் சுவரில் ஒரு கைத்தடம் இருக்கிறது. தூக்குக்குப் போகிற கைதி, “நான் குற்றவாளி இல்லை, இந்தத் தடம் அழியாது” என்று சொல்லி அழுக்குக் கையைச் சுவரில் பதித்தார் என்று கதை. அலெக்ஸாண்டர் காம்பெல் என்பார்கள், தாமஸ் பிஷர் என்றும் சொல்வார்கள். கழுவினாலும் வெள்ளையடித்தாலும் திரும்ப வருகிறதாம். நான் பார்த்தபோது மங்கலாக, நம் வீட்டுச் சுவரில் ஸ்விட்ச் பக்கம் படிந்திருக்குமே, அந்த நிறத்தில் இருந்தது. வழிகாட்டி அம்மா தாழ்ந்த குரலில் பேசினார். எனக்குக் கைத்தடத்தை விட, அறையின் அகலம்தான் உறுத்தியது. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற மாதிரி.

அந்த 20 பேரில் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. கொலைகள் நடந்தது உண்மை. கூட்டத்தின் ‘ராஜா’ என்று தூக்கில் போடப்பட்ட ஜாக் கெஹோவுக்கு 1979இல் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். நூறு வருடம் தாமதம்.

நீராவி | ஜனவரி 11, காலை 8.30

‘பழையசோறு’, மக்பார்லண்டைக் கருங்காலி என்று எழுதியிருக்கிறீர்கள். கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய் வேலை செய்கிறவன். அவன் பகலில், எல்லோரும் பார்க்க, கேட் வழியாகத்தான் போகிறான். வசவு வாங்குகிறான். மக்பார்லண்ட் கதை வேறு. தன் இனத்தை வெட்ட மரமே கொடுத்த பிடி, கோடரிக்காம்பு.

(யோசித்தால் கோடரிக்காம்பு என்ற பட்டம் பிங்கர்டனுக்கும் பொருந்தும். சார்ட்டிஸ்டாக இருந்தவர். சிகாகோவில் தப்பி வந்த அடிமைகளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவர். அடிமை முறையை ஆயுதம் எடுத்து எதிர்த்த ஜான் பிரவுனுக்கு 1859இல் பணம் திரட்டி ரயில் ஏற்றிவிட்டவர். அதே கையால் தொழிற்சங்கம் உடைத்தார். நான் தொழிலாளிக்கு நல்லதுதான் செய்கிறேன், சங்கம்தான் அவனைக் கெடுக்கிறது என்று கடைசிவரை எழுதினார். நம்பித்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.)

நீராவி | ஜனவரி 13, இரவு 9.45

இப்போது படை. ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது.

பிட்ஸ்பர்க்கில் நான் சினிமா பார்க்கப் போனது ஹோம்ஸ்டெட்டில் ஆற்றோரம் இருக்கும் வணிக வளாகத்துக்கு. வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செங்கல் புகைபோக்கிகள் வரிசையாக 12 நிற்கும். ஏதோ அலங்காரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் புளியோதரை வரிசையில் நின்ற ஒரு பெரியவர்தான் சொன்னார்: “அது கார்னகி ஸ்டீல் மில்லுப்பா. அந்தப் பக்கம் பம்ப் ஹவுஸ் இருக்கு பாரு, அங்கதான் சுட்டுக்கிட்டாங்க.”

1892. ஆலன் பிங்கர்டன் 1884லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன்கள் வில்லியமும் ராபர்ட்டும் நடத்துகிறார்கள். மில்லில் தொழிற்சங்கத்தோடு போட்டிருந்த ஒப்பந்தம் முடிகிறது. முதலாளி கார்னகி ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருக்கிறார், மேனேஜர் ஹென்றி பிரிக். மில்லைச் சுற்றிப் பலகை வேலி, மேலே முள்கம்பி. ஊர்க்காரர்கள் ‘பிரிக் கோட்டை’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு கதவடைப்பு. 300 ஆட்கள் வேண்டும் என்று ராபர்ட் பிங்கர்டனுக்குக் கடிதம் போனது, தலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர்.

ஆட்களை ஓஹியோவில் ஆஷ்டபுலாவில் சேர்த்து, ரயிலில் கொண்டுவந்து, ராத்திரி இரண்டு பார்ஜில் ஏற்றினார்கள். பார்ஜ் என்றால் எஞ்சின் இல்லாத பெரிய தட்டைப் படகு, இழுவைப் படகு இழுத்துப் போகும். எங்கே போகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வழியில் பெட்டியை உடைத்து வின்செஸ்டர் துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்தபோதுதான் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. ஜூலை 6 விடியற்காலை மில் கரையில் ஒதுங்கும்போது ஊரே கரையில் நிற்கிறது.

யார் முதலில் சுட்டது என்பது இன்றும் தீராத சண்டை. காலையிலிருந்து சாயந்திரம்வரை. கரையிலிருந்து பழைய பீரங்கி வைத்துச் சுட்டார்கள், டைனமைட் எறிந்தார்கள், ஆற்றில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தப் பார்த்தார்கள், கட்டைத் தெப்பத்தில் தீ வைத்து மிதக்கவிட்டார்கள். ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. ஜூலை மாதம், தகரமும் கட்டையுமான பெட்டிக்குள் 300 பேர், வெளியே தலை நீட்டினால் குண்டு. சாயந்திரம் வெள்ளைத் துணியைக் காட்டிச் சரணடைந்தார்கள். கரையேறி நடந்தபோது இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் நின்று கம்பாலும் கல்லாலும் கைக்கு வந்ததாலும் அடித்துத் தள்ளினார்கள். தொழிலாளர் 7 பேர், பிங்கர்டன் ஆட்கள் 3 பேர் செத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஜெயித்தது யார் என்று கேட்காதீர்கள். ஆறாவது நாள் மாநில ராணுவம் 8,000 பேருக்கு மேல் வந்து இறங்கியது. நவம்பரில் சங்கம் முடிந்தது.

இப்போது உங்கள் ராணுவ வரி. “2,000 ஏஜென்ட், 30,000 ரிசர்வ்” என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அன்றைய அமெரிக்க ராணுவம் 25,000 சொச்சம், அதனால் பிங்கர்டன் பெரிது என்பார்கள். 30,000 பேர் கைவசம் இருக்கிற கம்பெனி, 300 பேரைச் சேர்க்க ஏன் நியூயார்க், சிகாகோ என்று அலைந்து விளம்பரம் போட்டு வேலையில்லாதவனையும் விடுமுறையில் இருந்த மாணவனையும் அள்ளிக்கொண்டு வருகிறது? அந்தப் பார்ஜில் இருந்தவர்களில் டிடெக்டிவ் என்று சொல்லத்தக்கவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வாட்ச்மேன் வேலை என்று வந்தவர்கள். அவர்களுக்காகவும் எனக்கு வருத்தம்தான்.

நீராவி | ஜனவரி 13, இரவு 10.02

விட்டுப்போனது: 1893இல் நாடாளுமன்றம் பிங்கர்டனையோ அதுபோன்ற ஏஜென்சி ஆட்களையோ மத்திய அரசு வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கம்பெனிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

நீராவி | ஜனவரி 14, மதியம் 2.15

‘மலைக்கோட்டை’ சொல்வது: “தொழிலாளர் பக்கமும் வெடிகுண்டு இருந்தது, ஒருதலையாக எழுதாதே.” சரி. ஐடஹோ முன்னாள் ஆளுநர் ஸ்டூனன்பர்க், 1905 டிசம்பர் 30 அன்று வீட்டு வாசல் கேட்டில் வைத்த குண்டில் செத்தார். வைத்தவன் ஹாரி ஆர்ச்சர்ட். அவனை உட்காரவைத்துப் பேசி, சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர்கள் சொல்லித்தான் செய்தேன் என்று வாக்குமூலம் வாங்கியது நம் மக்பார்லண்ட்தான், இப்போது டென்வரில் பெரிய அதிகாரி. 1907இல் அந்தச் சங்கத் தலைவர்களில் ஒருவரான பில் ஹேவுட் மீதான வழக்கில் ஜூரி நம்பவில்லை, விடுதலை.

குண்டு ஏஜென்சி பக்கமும் உண்டு. 1875 ஜனவரியில் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பிடிக்கப் போய், அவன் அம்மா வீட்டுக்குள் எரிகுண்டு எறிந்தார்கள். ஜெஸ்ஸி வீட்டிலேயே இல்லை. அம்மாவுக்குக் கை போனது. எட்டு வயதுத் தம்பி செத்தான். உங்கள் கேமில் இது வருமா?

எனக்கு இவற்றையெல்லாம் விட மனதில் நிற்பது குண்டு சத்தமே இல்லாத ஒரு விஷயம். மக்பார்லண்டின் டென்வர் ஆபீஸில் சுருக்கெழுத்தராக இருந்த மாரிஸ் பிரீட்மன், 1907இல் வெளியே வந்து அங்கே தட்டச்சு செய்த அறிக்கைகளைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதிலிருந்துதான் ஹேவுட்டுக்கு ஒன்று விளங்கியது. டென்வர் உருக்காலை வேலைநிறுத்தத்தில் நிவாரணக் குழுத் தலைவர் ஒருவர் இருந்தார். முதலில் அரிசி பருப்பு மாதிரி அள்ளி அள்ளிக் கொடுத்தார், வேலை செய்தபோதுகூட இவ்வளவு சாப்பிட்டதில்லையே என்று ஹேவுட்டே கடிந்துகொள்ளும் அளவுக்கு. சங்கப் பணம் கரைந்தது. பிறகு திடீரென்று அளவைக் குறைத்தார், வீட்டுப் பெண்கள் சங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஆள் பிங்கர்டன் ஆள். கூட்டினாலும் நஷ்டம், குறைத்தாலும் நஷ்டம். ரேஷன் கரண்டியை வைத்துக்கொண்டே சங்கத்தை உடைக்க முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

நீராவி | ஜனவரி 14, மதியம் 2.31

அரிசி பருப்பு என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். டென்வர் இருப்பது கொலராடோவில். மாவும் உருளைக்கிழங்குமாக இருந்திருக்கும். சிரித்தது போதும்.

நீராவி | ஜனவரி 19, இரவு 12.50

‘பழையசோறு’ நான் 7ஆம் தேதி ஆபீஸில் அறிக்கை எழுதியவரைப் பற்றி எழுதியதைப் பிடித்துக்கொண்டார்: “அவர் எழுதிய அறிக்கை உமக்கு எப்படித் தெரியும்? மேலிடத்துக்குப் போனதாயிற்றே?”

ஐந்து நாளாக இந்தப் பக்கம் வராததற்கு அதுதான் காரணம். எழுதியது நான்தான்.

நைட் ஷிப்ட் படியைக் குறைத்திருந்தார்கள். எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கேண்டீனில் தோளில் கை போட்டு, “டீம் மூட் எப்படி இருக்குன்னு டெய்லி நாலு வரி அனுப்புப்பா, எனக்கு மேல பேச வசதியா இருக்கும், உங்களுக்குத்தான் நல்லது” என்றார். எனக்கு அது உளவாகவே படவில்லை. என்னைப் பொறுப்பான ஆள் என்று நினைக்கிறார் என்றுதான் பட்டது. முதல் வாரம் நியாயமாகத்தான் எழுதினேன். இரண்டாவது வாரம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு சீனியர் அண்ணன் தம்மடிக்கும் இடத்தில், “எல்லாரும் ஒண்ணா லீவு போட்டா தெரியும் இவங்களுக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழுதியது, “எல்லோரும் ஒன்றாக விடுப்பு எடுக்கலாம் என்ற பேச்சு இருக்கிறது.” சிரிப்பை மெயிலில் எழுத முடியாது. ‘ஒருவர்’ போய் ‘பேச்சு இருக்கிறது’ ஆகிவிட்டது. யார் என்று திருப்பிக் கேட்டு மெயில் வந்தது. பதில் போட்டேன். மறுமாதம் அவர் அந்த பிராஜெக்டில் இல்லை. என் மெயிலால்தானா என்று தெரியாது, நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு பல வருடம் கழித்துத்தான் லா பாலட் கமிட்டி பற்றிப் படித்தேன். 1936இல் செனட் போட்ட விசாரணைக் கமிட்டி, சங்கங்களுக்குள் கம்பெனிகள் வைத்த உளவாளிகளைத் தோண்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் இரண்டரை வருடத்தில் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் இதற்குச் செலவழித்திருந்தது. அதில் ஒரு வழிமுறை வருகிறது, ‘கொக்கி போடுவது’ என்று பெயர். பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு தொழிலாளியைப் பார்த்து ஒருவர் வருவார். கம்பெனியின் பங்குதாரர்கள் சார்பில் வந்திருக்கிறேன், பாக்டரியில் என்ன குறை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், வாரம் கொஞ்சம் எழுதிக் கொடு என்பார். சின்னத் தொகை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில வாரம் கழித்து, “சங்கக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள்?” அப்போது புரியும். மறுத்தால், அந்த ரசீதுகளை உன் சங்கத்துக்குக் காட்டட்டுமா?

எனக்கு யாரும் ரசீது காட்டவில்லை. கையெழுத்தே தேவைப்படவில்லை. அப்ரைசலில் நல்ல மார்க் வந்தது.

நீராவி | ஜனவரி 21, இரவு 10.10

திட்டியவர்களுக்கு நன்றி, திட்டாதவர்களுக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

‘விளையாட்டுப்பிள்ளை’ பிங்கர்டன் மட்டும்தானா என்று கேட்டிருந்தார். இல்லை. தீல், பர்ன்ஸ் என்று ஒரு பட்டாளமே இருந்தது. பர்ன்ஸ் பின்னாளில் எப்பிஐயின் முன்னோடித் துறைக்கே தலைவரானார். மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மலைகளில் பால்ட்வின்-பெல்ட்ஸ். சங்கத்தில் சேர்ந்தவனைக் கம்பெனி வீட்டிலிருந்து சாமான் செட்டோடு மழையில் வெளியே தள்ளுவது இவர்கள் வேலை. 1920 மே 19 அன்று மேட்வான் ஊரில் அப்படித் தள்ளிவிட்டு, சாயந்திர ரயிலுக்குக் காத்திருந்தவர்களை ஊர் போலீஸ் தலைவர் சிட் ஹாட்பீல்டும் மேயரும் மறித்தார்கள். இரண்டு பக்கமும் வாரண்ட் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் 10 பிணம்: ஏஜென்சி ஆட்கள் 7, மேயர், சுரங்கத் தொழிலாளர் 2.

நான் சொல்ல வந்தது சார்லி லைவ்லி என்பவரை. மேட்வானில் சின்ன ஓட்டல் நடத்தினார், சங்க ஆபீஸுக்கு நேர் கீழே. சங்கத்துக்காரர்கள் அங்கேதான் சாப்பிட்டார்கள், அங்கேதான் பேசினார்கள். நல்ல மனுஷன், நம்ம ஆள் என்று பெயர். 1921இல் மேட்வான் வழக்கில் அரசுத் தரப்பு சாட்சியாக வந்து நின்றபோதுதான் தெரிந்தது, பால்ட்வின்-பெல்ட்ஸ் ஆள் என்று. அதே வருடம் ஆகஸ்ட் 1, வெல்ச் ஊர் கோர்ட் படிக்கட்டில், மனைவியோடு ஏறிக்கொண்டிருந்த ஹாட்பீல்டைச் சுட்டுக் கொன்ற கூட்டத்திலும் இருந்தார். அந்த மாதக் கடைசியில் பிளேர் மலையில் ஏறக்குறைய 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு கிளம்பியது இதன் தொடர்ச்சிதான். அதற்குத் தனி இழை போடலாம்.

சோறு போட்டுக்கொண்டே ஒட்டுக்கேட்பது. உப்பு எப்படி இறங்கியதோ.

நீராவி | ஜனவரி 22, காலை 9.05

“அந்த மெயிலை எழுதாமல் இருந்திருக்கலாமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்திருக்கலாம்.

மக்பார்லண்ட் விஷயத்தில் ஒன்றை 10ஆம் தேதி விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேனோ என்னவோ. 1875 டிசம்பர் 10 விடியற்காலை, விகன்ஸ் பேட்ச் என்ற இடத்தில் முகமூடிக் கும்பல் ஒன்று ஓடானல் வீட்டுக்குள் புகுந்து ஒரு ஆணையும் எல்லன் மக்அலிஸ்டர் என்ற இளம்பெண்ணையும் சுட்டுக் கொன்றது. அந்த வீட்டு ஆட்களைப் பற்றி ரகசியமாக எழுதி அனுப்பியவர் மக்பார்லண்ட். தன் அறிக்கைதான் அந்தக் கும்பலின் கைக்குப் போயிருக்கிறது என்று அவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பெண்ணைக் கொல்வதற்கு நான் உடந்தை இல்லை, ராஜினாமா செய்கிறேன் என்று மேலதிகாரிக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். கடிதம் இருக்கிறது. ஆனால் வேலையை விடவில்லை. மார்ச் வரை உள்ளே இருந்தார், சாட்சி சொன்னார், டென்வரில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

நானும் அந்த பிராஜெக்டில் இன்னும் எட்டு மாதம் இருந்தேன்.

நீராவி | பிப்ரவரி 2, மாலை 6.20

கோடையில் பிட்ஸ்பர்க் போகிறவர் கேட்டதற்கு: பம்ப் ஹவுஸ் அந்த ஹோம்ஸ்டெட் வணிக வளாகத்தின் கிழக்குக் கோடி தாண்டி, மன்ஹால் பக்கம், ஆற்றை ஒட்டி. சைக்கிள் பாதை பக்கத்திலேயே போகிறது. கட்டடம் பூட்டியிருந்தாலும் கரைவரை நடக்கலாம். பார்ஜ் ஒதுங்கிய இடம் அதுதான். நான் போனபோது ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மீன் கிடைக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.